‘சும்மா இருங்கள்’ என்று சொல்லும் அன்பு



வழக்கமாக ஒரு வேதப்பகுதியை முன்வைத்து இந்த வாரச் சிந்தனையைத் தொடங்குவேன். இம்முறை ஒரு கட்டிலருகிலிருந்து தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன், வீடு சந்திப்புக்காகச் சென்ற இடத்தில் 78 வயதான ஒரு தாயாரைப் பார்த்தேன். அதற்கு முந்தைய உயிர்த்தெழுந்த ஞாயிறுவரை, வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டு தனியாக நடந்தே ஆலயத்துக்கு வந்தவர் அவர். பிறகு கடுங்காய்ச்சல் வந்தது. பத்து நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டவருடைய கிருபையால் காய்ச்சல் தீர்ந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். புதிய மெத்தை வாங்கினார்கள். தண்ணீர் கைக்கு வந்தது. உணவு படுக்கைக்கு வந்தது. கழிப்பறைக்கு நடக்க வேண்டாம் என்று கழிப்பறை நாற்காலியும் கட்டிலருகே வந்தது. “அம்மா, வாழ்நாளெல்லாம் எங்களுக்காக உழைத்துவிட்டீர்கள். இனி ஒரு வேலையும் வேண்டாம். சும்மா இருங்கள்” என்றார்கள். தாயாரும் சும்மா இருந்தார்.

ஆறு வாரங்கள் கழித்து நான் சென்றபோது, இரண்டு பேர் தாங்கினால்தான் அவரால் எழுந்து நிற்க முடிந்தது. நின்றபோதும் முழங்கால்கள் நடுங்கின. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, காய்ச்சல் என்னை விட்டுப் போய்விட்டது. போகும்போது என் கால்களையும் கொண்டுபோய்விட்டது.”

மகள் கண்ணீரோடு கேட்டாள்: “நாங்கள் அம்மாவுக்கு என்ன குறை வைத்தோம், ஐயா?”

அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று நான் அவளிடம் சொன்னேன். ஆனால் அந்தக் கால்களைக் கொண்டுபோனது காய்ச்சல் மட்டுமல்ல. அதற்குப் பின் வந்த ஆறு வார ஓய்வும்தான். இதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நம்மில் பலருடைய வீடுகளிலும் இதே அன்பு இதே தவற்றைச் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்த வாரம் நம் சரீரத்தைப் பற்றியே சிந்திப்போம்.

நம் உடலில் ‘தசை’ என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையில் மூன்று வகைப்பட்டது. பள்ளியில் படித்திருப்போம், தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம்.

முதலாவது, இதயத்தசை. இது இதயத்தின் சுவரில் மட்டுமே உள்ளது. இதன் செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் தோன்றும் தூண்டல் எல்லாச் செல்களுக்கும் பரவி, அவை ஒரே உடன்பாட்டோடு சுருங்குகின்றன. அந்தத் தூண்டலும் இதயத்துக்குள்ளேயே, அதன் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு செல்தொகுதியில் பிறக்கிறது. நரம்புகள் அதை வேகப்படுத்தலாம், தணிக்கலாம். ஆனால் துடிப்பை உண்டாக்குவது இதயமே. தாயின் கருவில் நான்காம் வாரத்தில் தொடங்கும் இந்தத் துடிப்பு, நிமிடத்துக்கு 70 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை நிகழ்கிறது. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைக்கும் ஒரு நொடிக்கும் குறைவான தளர்வே அதற்குரிய ஓய்வு.

இரண்டாவது, மென்தசை. நுண்ணோக்கியில் பார்த்தால் மற்ற இரண்டிலும் தெரியும் குறுக்குவரிகள் இதில் தெரிவதில்லை. ஆகவே வரியற்ற தசை என்றும் சொல்வார்கள். இதன் செல்கள் கதிர்போல நடுவில் பருத்து முனைகளில் கூர்ந்திருக்கும். இரைப்பை, குடல், இரத்தக் குழாய்கள், மூச்சுக்குழல்கள், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் இது அமைந்துள்ளது. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்ணின் கருவிழியில் உள்ள பாவையைச் சுருக்கி விரிப்பதும், குளிரில் நம் மயிர்களைச் சிலிர்க்கச் செய்வதும் இதுவே. மெதுவாகச் சுருங்கும், குறைந்த ஆற்றலில் நெடுநேரம் தாங்கி நிற்கும், எளிதில் களைப்படையாது. நாம் உணவுக்காக ஸ்தோத்திரம் செலுத்தி உண்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். அதன்பின் பல மணி நேரம், அலை அலையாகச் சுருங்கி அந்த உணவை நகர்த்திச் செல்வது இந்த மென்தசை. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இதன் வல்லமை நன்றாகத் தெரியும். பிரசவ வலியை எந்தத் தாயும் ‘தொடங்கு’ என்று கட்டளையிட்டுத் தொடங்கியதில்லை. ‘நில்’ என்று சொல்லி நிறுத்தியதுமில்லை.

மூன்றாவது, எலும்புத்தசை. இதுவே நம் விருப்பத்துக்குக் கீழ்ப்படியும் தசை. நம் உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் உள்ளன. நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவருடைய எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் இவையே. நீண்ட இழைகளாலான இத்தசைகள் தசைநாண்களால் எலும்புகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்தின் வழியாக நரம்பில் இறங்கி, தசை இழையை அடைகிறது. அப்போது இழைக்குள்ளிருக்கும் மிக நுண்ணிய புரதக் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்க, இழை சுருங்குகிறது, எலும்பு இழுக்கப்படுகிறது. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே கையை மடக்க ஒரு தசையும் நீட்ட வேறொரு தசையும் சோடியாக அமைந்துள்ளன.

இதயமும் குடலும் நம்மைக் கேட்டு இயங்குவதில்லை. நம் சோம்பலும் மறதியும் அவற்றை நிறுத்துவதில்லை. உயிர் நிலைப்பதற்கு ஒரு கணமும் தவறக்கூடாத வேலைகளைச் சிருஷ்டிகர் நம் பொறுப்பில் விடவில்லை. மூச்சுவிட உதவும் உதரவிதானம் எலும்புத்தசை வகையைச் சேர்ந்ததாயிருந்தும், நாம் தூங்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எழுவதும் நிற்பதும் நடப்பதும் சுமப்பதும் மட்டும் நம் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. அப்படி விடப்பட்டிருப்பதனாலேயே, நாம் கேட்காதபோது அந்தத் தசை குறைந்துபோகிறது. பயன்படுத்தாத தசையைச் சரீரம் கட்டிக் காப்பதில்லை.

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களின் கையை, கட்டுப் பிரித்த நாளில் பார்த்திருக்கிறீர்களா? மற்றக் கையைவிட அது மெலிந்திருக்கும். விண்வெளி நிலையத்தில் தங்கும் வீரர்கள் எடையற்ற நிலையில் கால்களை ஊன்ற வேண்டிய அவசியமே இல்லாததால், தசையையும் எலும்பையும் காத்துக்கொள்வதற்காக நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்கள் நாட்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட திடகாத்திரமான மனிதர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், 78 வயதான நம் தாயாருடைய கால்களைப் பற்றி என்ன சொல்வது?

2007-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக 67 வயதுடைய, நோயில்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்துபோயிருந்தது. அதில் பெரும்பங்கு தசை. நோயே இல்லாதவர்களுக்குப் பத்து நாட்களில் இந்த இழப்பு. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்து, பத்து நாட்களுக்குப் பின் இன்னும் ஆறு வாரங்கள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கால்தசை குறைந்தால் நடைதானே போகும் என்று எண்ணிவிடக்கூடாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, கால்களில் தேங்கும் இரத்தத்தைப் பிழிந்து மேலே இதயத்தை நோக்கி அனுப்புகிறது. உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் சேமித்துக்கொள்வதும் எலும்புத்தசையே. நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையிலிருக்கும் நமக்கு இது சிறிய செய்தியல்ல. கடும் நோய் வரும்போது சரீரம் தனக்கு வேண்டிய புரதத்துக்காகக் கைநீட்டுவதும் இந்தத் தசையிடமே. நடமாட்டம் நின்றால் மலச்சிக்கல் வருகிறது. இதயத்தின் திறனும் குறைகிறது. நம்மைக் கேளாமல் இயங்கும் அந்த இரண்டு தசைகளும்கூட, நம்மைக் கேட்டு இயங்கும் தசையின் ஒத்தாசையை எதிர்பார்த்தே இருக்கின்றன.

முதுமையில் தசை குறைவதற்கு மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் அதைச் ‘சார்கோபீனியா’ என்று அழைத்தார். இச்சொல்லை முதன்முதலில் வாசித்தபோது, இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்கள் என் நினைவுக்கு வந்தன. ‘சார்க்ஸ்’ என்றால் மாம்சம். ‘பீனியா’ என்றால் வறுமை. மாம்சத்தின் வறுமை!

‘சார்க்ஸ்’ புதிய ஏற்பாட்டில் நமக்கு மிகவும் பழக்கமான சொல். ஆவிக்கு விரோதமாகப் போராடும் மாம்சம் என்று பவுல் எழுதும் இடங்களில் இச்சொல்லே வருகிறது. நாங்கள் பிரசங்கிகள் அந்தப் பொருளைத்தான் அதிகமாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் யோவான் தமது சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், வார்த்தையானவர் என்னவாக ஆனார் என்று சொல்லும்போதும் இதே ‘சார்க்ஸ்’ என்னும் சொல்லையே எழுதினார். நம் ஆண்டவர் கலிலேயாவின் பாதைகளில் தசையுள்ள கால்களால் நடந்தார். சமாரியாவின் கிணற்றருகே அந்தக் கால்கள் களைத்து உட்கார்ந்தார். அவர் அணிந்துகொள்ள வெட்கப்படாத மாம்சத்தை நாம் அற்பமாக எண்ணலாகாது. பெற்றோரின் ஆத்துமாவுக்காக முழங்காலில் நின்று ஜெபிக்கிற நாம், அவர்களுடைய முழங்கால்கள் வறுமையடைவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனையில் பாதியைத்தான் கைக்கொண்டவர்களாவோம்.

இந்த வறுமைக்கு மருந்து உண்டா? உண்டு. 1990-ஆம் ஆண்டில் மரியா ஃபியாடரோனே என்னும் மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, ஏறக்குறைய 90 வயதான, நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களால் எடையைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களுடைய காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. 90 வயதில்! ‘வயதாகிவிட்டது, இனி என்ன?’ என்று நாம் கைவிட்ட தசையைச் சிருஷ்டிகர் கைவிடவில்லை. கேட்டால் அது இன்னும் பதில் கொடுக்கிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழும் என்று எனக்குத் தெரியும்.

முதல் கேள்வி: “நடக்கச் சொல்லி, விழுந்துவிட்டால் என்ன செய்வது, ஐயா?” நியாயமான பயம். இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் எழுந்திராமலேயே போனவர்களின் அடக்க ஆராதனைகளை நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் எளிதில் விழுவது பலமுள்ள கால் அல்ல, பலவீனமான கால். இன்று விழாதிருக்க அம்மாவைப் படுக்கவைத்தால், நாளை அவர் எழும் முதல் நாளிலேயே விழுவதற்கு நாமே வழி செய்கிறோம். குளியலறையிலும் கழிப்பறையிலும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி வையுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் தரையையும் மடிந்து கிடக்கும் மிதியடியையும் அகற்றுங்கள். கையைப் பிடித்து நடத்துங்கள். பயத்துக்குரிய மறுமொழி இவைகளே.

மாரடைப்பு வந்த உடனே, எலும்பு முறிந்த நிலையில், கடுங்காய்ச்சலில், மூச்சுத்திணறலில் ஓய்வு தேவை. எப்போது எழலாம், எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் அதை அவரிடம் கேளுங்கள். “எப்போது எழுந்து நடக்கலாம்?” என்று கேட்காமல் எந்த முதியவரையும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். இயலுமானால் ஓர் இயன்முறை மருத்துவரின் ஆலோசனையையும் பெறுங்கள். பக்கவாதத்தாலோ வேறு நோயாலோ எழ முடியாதவர்களைப் பார்த்து, “முயன்றால் முடியும்” என்று யாரும் குற்றம்சாட்ட வேண்டாம். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிராக எடுக்கும் கோல் அல்ல.

இரண்டாவது கேள்வியை யாரும் என்னிடம் சத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் எல்லா வீடுகளிலும் அது இருக்கிறது. “ஊர் என்ன சொல்லும்?” மாமியார் வாசல் பெருக்குவதைப் பார்த்தால், “இந்த வயதில் மாமியாரை வேலை வாங்குகிறாள் பார்” என்று மருமகளைப் பேசுகிறோம். அப்பா கடைக்கு நடந்து போனால், “பிள்ளைகள் இருந்தும் இவருக்கு இந்தக் கதியா?” என்று அனுதாபப்படுகிறோம். ஆலய வாசலில் நின்று இப்படிப் பேசுகிறவர்களில் நம் சபையாரும் உண்டு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ மருமகள்மார் துடைப்பத்தைப் பிடுங்கி வைக்கிறார்கள். நம் நாவு ஒரு வயதான தாயின் கால்களை முடமாக்கக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும்.

வேலை வாங்குவது வேறு. வேலையில் பங்கு கொடுப்பது வேறு. முன்னது முதியவரின் பலத்தைப் பிறருக்காகச் சுரண்டுவது. பின்னது அந்தப் பலத்தை அவருக்காகவே காப்பது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, ரெவிதீமில் நடந்த யுத்தத்தைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் காண்கிறேன். மோசே கைகளை உயர்த்தியிருக்கும்போது இஸ்ரவேலர் மேற்கொண்டார்கள். கைகள் தாழ்ந்தபோது அமலேக்கியர் மேற்கொண்டார்கள். நேரம் செல்லச் செல்ல மோசேயின் கைகள் கனத்துப்போயின. தோள் தசை களைக்கத்தானே செய்யும்? அவரும் அப்போது முதியவர். ஆரோனும் ஊரும், “ஐயா, நீர் போய்ப் படுத்துக்கொள்ளும், நாங்கள் கைகளை உயர்த்துகிறோம்” என்று சொல்லவில்லை. உட்காருவதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினார்கள். வேலை மோசேயினுடையதாகவே இருந்தது, தாங்குதல் அவர்களுடையதாயிருந்தது. முதியோரைக் கவனிப்பதற்கு இதைவிடச் சிறந்த மாதிரியை நான் அறியேன்.

இதை எழுதும் எனக்கு, என் சொந்தத் தவறு ஒன்றையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சபையில், ஆலய மணியை அடிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் அதிகாலையில் கோயிலுக்கு நடந்து வருவார். படியேறி, மணிக்கயிற்றைப் பிடித்து, உடல் முழுவதும் வளைந்து நிமிர அடிப்பார். அவருக்கு 70 வயது கடந்தபோது, “பாவம், இந்த வயதில் இவர் ஏன் சிரமப்பட வேண்டும்?” என்று கமிட்டியில் பேசினோம். ஒருவர் காணிக்கை கொடுத்தார். மின்சார மணி வந்தது. அதைப் பிரதிஷ்டை செய்யும் ஜெபத்தை ஏறெடுத்தவன் நான். பெரியவருக்குச் சால்வை போர்த்தி, “இனி நீங்கள் ஓய்வாக இருக்கலாம்” என்று சொன்னவனும் நான். “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர் அதிகாலையில் எழுந்து வருவதற்கு ஒரு காரணம் இல்லாமற்போயிற்று. ஓராண்டுக்குள் கோலூன்றி வந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு வீட்டிலே திருவிருந்து கொடுத்தேன். முதுமைக்கு அநேகக் காரணங்கள் உண்டு. மணிக்கயிறு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆரோனையும் ஊரையும்போல அவருக்கு ஒரு கல்லை வைத்து, ஓர் இளைஞனைத் துணைக்கு நிறுத்தி, கயிற்றை அவர் கையிலேயே விட்டிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அவர் இன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார். அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை, உயிரோடிருக்கும் மற்றப் பெரியவர்களுக்குச் செய்யும் நன்மையாகத்தான் இனி செலுத்த முடியும்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலுள்ள பெரியவரிடமிருந்து, அன்பின் பெயரால் நீங்கள் வாங்கிக்கொண்ட ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேரப்பிள்ளையைத் தெருமுனைவரை அழைத்துச் செல்வது என்று எதுவாகவும் இருக்கலாம். அதை மெதுவாகச் செய்ய அவரை அனுமதியுங்கள். அவர் பத்து நிமிடத்தில் செய்வதை நாம் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம் என்பது உண்மை. அந்த எட்டு நிமிடத்தை அவருக்குக் காணிக்கையாகக் கொடுங்கள்.

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை, அருகில் நின்றுகொண்டு, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நாளுக்குச் சில முறை செய்யச் சொல்லுங்கள். எழுந்து நிற்க உதவும் தொடைத்தசைக்கு அது நல்ல வேலை.

அவருடைய தட்டைப் பாருங்கள். காலையில் கஞ்சி, மாலையில் ரஸ்க், இரவில் இரண்டு இட்லி என்று பல வீடுகளில் முதியோருடைய உணவு சுருங்கிவிட்டது. தசை புரதத்தால் ஆனது. கஞ்சித் தண்ணீரால் அதைக் கட்ட முடியாது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றில் இயன்றதைக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஆலயத்தின் படிவரை கொண்டுவந்து இறக்காதீர்கள். நடக்கக்கூடியவராயிருந்தால் வெளிவாசலில் இறக்கி, கையைப் பிடித்து நடத்தி வாருங்கள். தாமதமானால் ஆகட்டும். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கவும் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கவும் பெரியவர்களை அழைக்க வேண்டியது என் கடமை. அதை நான் செய்வேன்.

அந்தத் தாயாரைப் பற்றிக் கேட்பீர்கள். இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முதல் நாளில் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது மட்டுமே நடந்தது. இன்று நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை வந்து, அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார். ஆலயத்துக்கு நடந்து வரும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் போனமுறை நான் சென்றபோது, வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார்.

சுவிசேஷத்தில் இவரைப்போல் காய்ச்சலாய்க் கிடந்த இன்னொரு தாயார் உண்டு. பேதுருவின் மாமியார். மாற்கு தமது முதலாம் அதிகாரத்தில் அச்சம்பவத்தை மிகச் சுருக்கமாக எழுதியிருக்கிறார். ஆண்டவர் அருகே வந்தார், கையைப் பிடித்தார், தூக்கிவிட்டார், காய்ச்சல் நீங்கிற்று. அந்த அம்மா எழுந்து, வந்திருந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். ‘நீ இப்போதுதான் சுகமடைந்தாய், படுத்திரு’ என்று ஆண்டவர் தடுத்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அவர் கொடுத்த சுகம் காய்ச்சலை நீக்கியதோடு முடியவில்லை. அந்த அம்மாவின் வீட்டில் அவருக்கிருந்த இடத்தையும் வேலையையும் திரும்பக் கொடுத்தது.

கையைப் பிடித்துத் தூக்கிவிடும் அந்த அன்பை நாமும் கற்றுக்கொள்வோம்.

ஜெபிப்போம்: எங்களை அதிசயமாய் உருவாக்கின பிதாவே, நாங்கள் அறியாமலே எங்களுக்குள் துடிக்கும் இதயத்துக்காகவும், எங்கள் விருப்பத்துக்கு நீர் ஒப்புவித்த கைகால்களுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். எங்கள் வீட்டிலுள்ள முதியோரின் பலம் குன்றும்போது, அவர்களை ஓரத்தில் உட்காரவைக்காமல், அவர்கள் கைகளைத் தாங்கி நிற்க எங்களுக்குப் பொறுமை தாரும். எழுந்திருக்க இயலாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு நீரே துணையாயிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.